பன்னிரண்டே படங்கள்

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ தோல் உறை போட்ட பழைய காமிரா ஒன்று கிடக்கிறதா? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் அதிகம் காணப்பட்டது ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய காமிரா. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தயாரித்தது. சற்று வசதியானவர்களிடம் யாஷிகா அல்லது ரோலிகார்டு போன்ற இரட்டை லென்ஸ் காமிரா இருந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் உணவு ஒன்றே: 120 எனப்படும் சுருள் ஃபிலிம்.

1901-இல் கோடக் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த ஃபிலிம் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இப்போது இயங்கவில்லை. வெளிநாட்டு ஃபிலிம்தான் வாங்க வேண்டும். விலை அதிகம். ஒரு சுருளில் சதுரப் படங்கள் பன்னிரண்டுதான் விழும். எனவே ஒவ்வொரு படத்தையும் யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோமா? சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. சதுரப் படத்தின் பக்கமோ 56 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 864 சதுர மி.மீ. எங்கே, 3136 எங்கே! 20 செ.மீ. சதுரப் பிரதி போட வேண்டுமானால் பெரிய நெகட்டிவை மூன்றரை மடங்குக்குச் சற்று மேல் பெருக்கினால் போதும். சிறியதை எட்டு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். பெருக்கப் பெருக்க வெள்ளித் துகள்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பெரிய நெகட்டிவின் மென்மைக்கு இதுவே காரணம்.

முதலில் காமிராவைச் சோதியுங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி' என்ற குறியில் வைத்து அழுத்திப் பிடித்தபடி லென்ஸ் வழியே வானத்தைப் பாருங்கள் (சூரியனை அல்ல!). சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊராகிய நமக்குக் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் ஏராளம். பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், காமிராவை உறைக்குள் பூட்டி வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். உள்ளே படிந்த பூஞ்சையை நீங்களே கழற்றித் துடைக்க முயல வேண்டாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வெளிப்புறத் தூசியைச் சட்டை நுனியால் துடைப்பதும் கூடாது. ஒரு மணல் துகள் போதும், கண்ணாடியில் கோடு விழ.

ஃபிலிம் மாட்டுவது நிழலில்தான். 120 ஃபிலிமுக்கு டப்பி கிடையாது. பின்னால் ஒட்டிய தாள் ஒன்றுதான் அதைக் காக்கிறது. காமிராவில் எஞ்சியுள்ள காலி உருளையை எறிந்துவிடாதீர்கள்! புதுச் சுருள் அதன்மேல்தான் சுற்றிக்கொள்ள வேண்டும். சில பழைய காமிராக்கள் 620 என்ற சுருளுக்கானவை. ஃபிலிமின் அகலம் ஒன்றே. ஆனால் உருளை மெல்லியது. கடையில் வாங்கிய 120 அதில் நுழையாது. வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

காமிராவின் பின்புறம் ஒரு சிவப்புச் சன்னல் இருக்கும். தாளில் அச்சிட்ட எண்களை அதன் வழியே பார்த்துச் சுற்றுவோம். ஏன் சிவப்பு? அந்நாளைய ஃபிலிம்கள் பல சிவப்பு ஒளியை உணராதவை. இன்றைய ஃபிலிம் எல்லா நிறங்களையும் உணரும்! ஆகவே சுற்றும்போது நிழலில் நின்று சுற்றுங்கள். மற்ற நேரத்தில் சன்னல்மீது கறுப்பு நாடா ஒட்டி வையுங்கள்.

ஒளியை அளக்கக் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நல்ல வெயிலில் துளையை 16-இல் வைத்து, ஃபிலிமின் ஒளியுணர்வு எண்ணையே ஷட்டர் வேகமாகக் கொள்ளலாம்: 100 எண் ஃபிலிமுக்கு ஒரு விநாடியில் 100-இல் ஒரு பங்கு. மேகம் மூடினால் துளை 8. திறந்தவெளி நிழலில் 5.6. இந்த 16 என்பது என்ன? லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 80 மி.மீ. லென்ஸில் 16 என்றால் துளை 5 மி.மீ.; 8 என்றால் 10 மி.மீ. எண் சிறுத்தால் துளை பெருக்கும்.

பெரிய ஃபிலிமுக்கு ஒரு குறையும் உண்டு. குவியத் தூரம் நீண்டிருப்பதால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் குறைவு. துளை 16-இல், 8 மீட்டருக்குக் குவித்தால் ஏறத்தாழ 4 மீட்டர் முதல் அடிவானம்வரை தெளிவாக இருக்கும். பல்லாவரம் மலை பின்னால் தெரிய நண்பனைப் படமெடுக்க விரும்பினால் (1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் ஆயிற்றே!) அவனை 2 மீட்டரில் நிறுத்தாதீர்கள், 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

இரட்டை லென்ஸ் காமிராவில் மேல் லென்ஸ் நாம் பார்க்க, கீழ் லென்ஸ் படமெடுக்க. இடையிலுள்ள கண்ணாடி பிம்பத்தை இடவலமாக மாற்றிவிடும். தாம்பரம் நிலையத்தில் நின்று பாருங்கள்: கடற்கரைக்குப் போகும் மின்ரயில் காமிராவில் செங்கல்பட்டுப் பக்கம் போகும்! பழகும்வரை கை தடுமாறும். கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொரு சிக்கல், தலை வெட்டுப்படும். இரு லென்ஸ்களுக்கும் நடுவே 4, 5 செ.மீ. இடைவெளி அல்லவா? சில காமிராக்கள் இதைத் தாமே ஈடுசெய்யும். மற்றவற்றில், பார்த்து முடித்ததும் காமிராவை அந்த அளவு உயர்த்திவிட்டு அழுத்துங்கள்.

ரயிலைச் சொன்னேன், அது ஓடும்போது எடுக்கலாமா? மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 50-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் ரயில் 20 செ.மீ. நகர்ந்துவிடும். 20 மீட்டர் தொலைவிலிருந்து 80 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பிம்பம் 250-இல் ஒரு பங்காகச் சிறுக்கும், ஃபிலிமில் 0.8 மி.மீ. இழுபட்ட தடம் விழும். பிரதியில் ரயில் வெறும் பட்டைதான்! குறுக்கே ஓடுவதை விட்டு, நடைமேடையின் உட்புறம் பாதுகாப்பாக நின்று, நம்மை நோக்கிச் சாய்வாக வருவதை எடுங்கள். தடம் மிகவும் குறையும்.

இனி, நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு மே மாத நடுப்பகலில், நானே ஒரு சுருளைக் கழுவினேன். பன்னிரண்டு படங்களில் ஒன்று என் பாட்டியுடையது. டெவலப்பரை ஐஸ் வைத்துச் சரியாக 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கடைசியில் அலசுவதற்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தேன். கை சுடும் தண்ணீர்! குளிர்ந்திருந்த ஜெலட்டின் படலம் திடீர்ச் சூட்டில் உப்பிச் சுருங்கியது. பாட்டியின் முகமெங்கும் வற்றிய ஏரியின் தரைபோல வெடிப்புகள். அடுத்த கோடையில் அவர் இல்லை. வேறு படமும் நான் எடுத்திருக்கவில்லை.

வெப்பநிலை கூடினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும்: 20 டிகிரியில் 8 நிமிடம் என்றால் 24-இல் ஏறத்தாழ 6 நிமிடம். அதைக் கணக்கிட்டுச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு கரைசலுக்கும் அடுத்ததற்கும் இடையே சூடு தாவக் கூடாது; அலசும் தண்ணீரும் அதில் சேர்த்தி. ஐஸ் கட்டியைக் கரைசலில் போடாதீர்கள், நீர்த்துவிடும். பாத்திரத்தைச் சுற்றி வையுங்கள். கையுறை அணிந்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யுங்கள். அலசும் தண்ணீரை முதல் நாள் இரவே மூன்று வாளிகளில் பிடித்து, வெயில் படாத மூலையில் மூடி வையுங்கள். விடியற்காலையில், தொட்டி சூடேறுமுன், சுருளைக் கழுவி முடித்துவிடலாம்.