திறந்த முறைமைகளும் சிக்கன அளவைக் கருவிகளும்

மின்சுற்றொன்றினுள் நிகழ்வதைக் கண்ணாற் காண்டல் இயலாது. நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை வரையாக்கிக் காட்டும் அலைவுகாட்டியே இலத்திரனியல் பயில்வார்க்குக் கண்ணாக அமைகின்றது. திரையும் நினைவகமும் கணிக்கும் ஆற்றலும் கணினியிடத்தே முன்னரே உள்ளனவாதலின், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றி அனுப்பும் சிறு பெட்டியொன்று இருப்பின் அக்கணினியே அலைவுகாட்டியாகிவிடும். கணினிசார் அளவைக் கருவிகள் விலை குறைந்தமைக்குக் காரணம் இதுவே.

எனினும், அப்பெட்டி தனித்து நின்று பேசுவதன்று. அதற்குரிய மென்பொருள் வேண்டும். மலிவான கருவிகளைச் செய்வோர் பலர் விண்டோஸ் முறைமைக்கு மாத்திரமே மென்பொருள் வழங்குவர். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுற்றபோது, புதிய முறைமைக்கேற்ப இயக்கி நிரல் திருத்தப்படாத கருவிகள், உறுப்பெதுவும் பழுதுறாதிருந்தும், பயனற்றுப் போயின. பூட்டை விற்றுத் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வணிகம் இது எனலாம். லினக்ஸ் போன்ற திறந்த மூல முறைமைகளைக் கையாளும் ஆய்வுகூடத்துக்கோ, அத்தகைய கருவி வாங்கிய அன்றே பயன்படாது. ஆகவே, கருவியின் வேகம் யாது என வினவுமுன், அது கணினியோடு பேசும் மொழி வெளிப்பட அறியப்பட்டதா என வினவுதல் வேண்டும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சைப்பிரஸ் நிறுவனத்தின் எப்.எக்ஸ்.2 என்னும் சில்லு. இச்சில்லைக் கொண்ட மலிவான பெட்டிகள் பலவற்றில், பணிக்குரிய நிரல் நிலையாகப் பதிந்திருப்பதில்லை, யூ.எஸ்.பி. வழியாக இணைக்குந்தோறும் கணினியே அதனைச் சில்லினுள் ஏற்றுகின்றது. அங்ஙனமாயின், உற்பத்தியாளரின் நிரலுக்குப் பதிலாகப் பிறிதொரு நிரலையும் ஏற்றலாமன்றோ? சிக்ராக் என்னும் திறந்த மூலத் திட்டத்தினர் செய்தது அதுவே. அவர்தம் நிரலை ஏற்றியதும் அப்பெட்டி, 8 கம்பிகளின் நிலையை நொடிக்கு 24 மில்லியன் முறை வரை பதியும் தருக்கப் பகுப்பியாகின்றது. பல்ஸ்வியூ என்னும் மென்பொருள் அப்பதிவைத் திரையில் விரித்து, சில்லுகள் தம்முட் பரிமாறும் செய்திகளையும் எழுத்தாக்கித் தருகின்றது. ஹான்டெக் 6022பிஈ என்னும் இருவழி அலைவுகாட்டியும் இதே சில்லைக் கொண்டதாதலின், ஓப்பன்ஹான்டெக் மென்பொருளால் லினக்ஸில் நன்கு இயங்குகின்றது.

விளம்பர எண்களை அப்படியே கொள்ளுதல் தகாது. இவ்வலைவுகாட்டிக்கு நொடிக்கு 48 மில்லியன் மாதிரிகள் என விளம்பரம் கூறும். ஆயினும் யூ.எஸ்.பி. 2.0 இணைப்பு அத்துணைப் பெருக்கைத் தொடர்ந்து தாங்காது. திறந்த மூல நிரலில் ஒரு வழிக்கு 30 மில்லியனும், இரு வழிகளையும் பயன்படுத்தின் ஒவ்வொன்றுக்கும் 15 மில்லியனுமே கிட்டும். அலையொன்றின் வடிவத்தைச் செவ்வனே காண, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழப் 10 மாதிரிகளாவது வேண்டும். எனவே, இரு வழிகளில் ஏறக்குறைய 1.5 மெகாஹேர்ட்ஸ் மீடிறன் வரையுள்ள அலைகளையே இதனால் நம்பிக்கையுடன் ஆராயலாம். கல்லூரிப் பரிசோதனைகள் பலவற்றுக்கு இது போதும். வானொலி மீடிறன்களுக்குப் போதாது.

பணமே இல்லாவிடத்துக் கணினியின் ஒலியட்டையும் உதவும். அது நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பின், செவிக்குப் புலனாகும் மீடிறன்களைக் காட்டும். உள்வழியிலுள்ள கொள்ளளவி தடுத்தலால் நேரோட்ட அழுத்தத்தைக் காட்டாது. கற்பித்தலுக்கெனவே ஆக்கப்பட்டது, புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆர்முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ்-17. இதன் உள்வழிகளுள் இரண்டு 16 வோல்ற்று வரை நேரும் எதிருமான அழுத்தங்களை ஏற்பன. மென்பொருள் பைத்தன் மொழியில் எழுதப்பெற்றது. வேகத்தில் இது ஹான்டெக்குக்கு மிகவும் பின்தங்கியது. ஆயினும் அலையாக்கியும் உடன் அமைந்திருத்தலின், மாணவர் கைக்கு இதனையே முதலிற் கொடுத்தல் நன்று. சற்று மிகுதியாகச் செலவிடக்கூடியோர், 1990 இல் வகுக்கப்பட்ட எஸ்.சி.பி.ஐ. என்னும் பொதுக்கட்டளை மொழியை ஏற்கும் பல்மானிகளையும் அலையாக்கிகளையும் தேடலாம். பழைய கருவிகளை வாங்குவோர், 1975 இல் நியமமாக்கப்பட்ட ஜி.பி.ஐ.பி. இணைப்புக்குரிய பொருத்தியின் விலையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

இக்கருவிகள் பலவற்றில் ஆய்முனையின் புவிக்கவ்வி, யூ.எஸ்.பி. கம்பி வழியே கணினியின் உலோகக் கூட்டோடும், அதன்வழி மின்வழங்கலின் புவித்தொடுப்போடும் இணைந்துள்ளது. அக்கவ்வியை 230 வோல்ற்று உயிர்க்கம்பியிற் பொருத்தின் குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பெட்டியும் கணினியும் அழியும். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினி என்றால் நிலைமை இன்னும் கொடிது. குறுஞ்சுற்று நிகழாமல், தொடுவார்க்குத் தெரியாமலே அதன் உலோகப் பகுதிகள் யாவும் 230 வோல்ற்றை அடைந்து நிற்கும். இரு புள்ளிகளின் வேறுபாட்டை மாத்திரம் கொணரும் தனிவகை ஆய்முனை இதற்கெனவே உண்டு. அதன் விலை பெட்டியின் விலையையும் விஞ்சுவதுண்டு. அதனை வாங்க இயலாத ஆய்வுகூடங்களில், பரிசோதனைகளை மின்கலத்தைக் கொண்டோ, 12 வோல்ற்று மின்மாற்றியின் துணைச்சுருளைக் கொண்டோ நடத்துதல் வேண்டும்.