மெலியும் கணினிகளும் கையில் உணரும் அதிர்வும்

கையில் ஏந்திப் பார்க்கும் டெப்லெட் கணினிகள் இன்று எமது வீடுகளில் சாதாரணப் பொருட்களாகிவிட்டன. பிள்ளைகளின் இணையவழிப் பாடங்கள், வெளிநாடுகளிலுள்ள உறவினருடனான உரையாடல், செய்தி, திரைப்படம் என்று இவற்றின் பாவனை விரிந்து செல்கின்றது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து இத்தகையதொரு சாதனத்தை வாங்கியவர், முதல் நாளிலேயே ஒலியைச் சற்றுக் கூட்டியதும் அதன் பின்புறம் விரல்களுக்குக் கீழே அதிர்வதைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. தமக்குக் கிடைத்தது பழுதடைந்த பொருளோ என்ற ஐயத்துடன் அவர் விற்பனை நிலையத்துக்குத் திரும்பிச் சென்றால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அது வழமையானது" என்பதேயாகும்.

இந்தப் பதில் அநேக சந்தர்ப்பங்களில் உண்மையானது. ஆனால் சில சந்தர்ப்பங்களில் அது தவறானது மட்டுமன்றி ஆபத்தானதுமாகும். எந்த அதிர்வு இயல்பானது, எது பழுதின் அறிகுறி என்பதைப் பிரித்தறியும் அறிவு விற்பவரிடமும் இல்லை, வாங்குபவரிடமும் இல்லை என்ற நிலையில், இதன் பின்னாலுள்ள இயற்பியலை ஓரளவேனும் விளங்கிக் கொள்வது அவசியமெனக் கருதுகின்றோம்.

ஒலிபெருக்கி இயங்கும் முறை நூறாண்டுகளாக அடிப்படையில் மாறவில்லை. ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர்களான செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலொக்கும் 1925 இல் வெளியிட்ட அமைப்பே இன்றைய ஒலிபெருக்கிகளின் மூதாதை. காந்தமொன்றின் இடைவெளிக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகின்றது. அதனூடாக மின்னோட்டம் மாறிமாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு இணைந்த மென்தகட்டை அசைக்கின்றது. தகடு காற்றைத் தள்ளுகின்றது. நாம் ஒலியைக் கேட்கின்றோம்.

இங்குதான் நியூட்டனின் மூன்றாம் விதி குறுக்கிடுகின்றது. காந்தம் சுருளை முன்னே தள்ளும் அதே விசையுடன் சுருளும் காந்தத்தைப் பின்னே தள்ளுகின்றது. காந்தம் ஒலிபெருக்கியின் சட்டத்துடனும், சட்டம் கணினியின் உடலுடனும் பொருத்தப்பட்டிருப்பதால் அந்தப் பின்தள்ளல் முழுவதும் உடலுக்கே சென்று சேர்கின்றது. துப்பாக்கி சுடுபவரின் தோளில் விழும் உதைப்பு எத்தகையதோ, இதுவும் அத்தகையதே. வேறுபாடு என்னவெனில் இந்த உதைப்பு ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவைகள் நிகழ்கின்றது.

உதாரணத்துக்காக ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம். அசையும் தகடும் சுருளும் சேர்ந்து 0.2 கிராம் நிறையும், முழுக் கணினியும் 437 கிராம் நிறையும் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணினியின் உடல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு பாரமானது. எனவே தகடு அரை மில்லிமீற்றர் அசையுமாயின் உடல் அதற்கு எதிர்த்திசையில் ஒரு மில்லிமீற்றரின் நாலாயிரத்தில் ஒரு பங்களவே அசையும். இதனை யார் உணரப் போகின்றார்கள் என்று கேட்கத் தோன்றும்.

மனிதக் கை உணர்கின்றது என்பதே வியப்புக்குரிய விடயம். எமது தோலின் ஆழத்தில், வெங்காயத்தின் சருகுகளைப் போல அடுக்கடுக்காக அமைந்த நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. இத்தாலிய உடற்கூற்றியலாளர் பிலிப்போ பச்சீனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விபரித்தமையால் அவை அவரது பெயரால் அழைக்கப்படுகின்றன. அதிர்வை உணர்வதே இவற்றின் பணி. செக்கனுக்கு 200 முதல் 300 வரையான அதிர்வுகளுக்கு இவை மிகக் கூர்மையாகத் துலங்குகின்றன. அந்த வீச்சில் ஒரு மைக்ரோமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அசைவைக்கூடக் கைவிரல் உணர வல்லது. தலைமயிரின் தடிப்புடன் ஒப்பிட்டால் அது பல நூறு மடங்கு சிறியது. மேற்சொன்ன கணக்கில் கிடைத்த அசைவோ அதனைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமானது.

இன்னொரு தற்செயல் பொருத்தமும் உண்டு. டெப்லெட் கணினிகளின் சிறிய ஒலிபெருக்கிகளால் மிகத் தாழ்ந்த சுருதிகளை எழுப்ப முடிவதில்லை. ஒரே சத்த அளவைப் பேணியவாறு சுருதியை அரைவாசியாகக் குறைக்க வேண்டுமாயின் தகடு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். மெல்லிய உடலுக்குள் அதற்கு இடமில்லை. ஆகையால் இவை தம்மால் இயன்ற மட்டும் முழு வலுவுடன் இயங்கும் தாழ்ந்த பகுதி ஏறத்தாழ 150 முதல் 300 ஹேர்ட்ஸ் வரையில் அமைந்து விடுகின்றது. பச்சீனியின் நுண்ணுறுப்புகள் விழிப்பாக இருக்கும் இடமும் அதுதான். மனிதக் குரலின் அடிச்சுருதியும் இப்பகுதியை ஒட்டியே அமைகின்றது. இசையைக் கேட்கும்போது மாத்திரமன்றிச் செய்தி வாசிப்பவரின் குரலுக்கும் கணினியின் முதுகு அதிர்வதன் காரணம் இதுவே. ஐபேட் கணினிகளில், கைத்தொலைபேசிகளில் உள்ளதைப் போன்ற அதிர்வு மோட்டார் எதுவும் கிடையாது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். கையில் உணரப்படுவது முற்றிலும் ஒலிபெருக்கியின் வேலையே.

எனினும் உதைப்பு மட்டுமே முழுக் கதையன்று. ஒலிபெருக்கியின் தகடு முன்னே காற்றைத் தள்ளுவது போலவே பின்னேயும் தள்ளுகின்றது. பின்புறத்துக் காற்று ஒடுங்கிய அறைக்குள் அடைபட்டிருப்பதால் அது அறையின் சுவர்களை மாறிமாறி அழுத்துகின்றது. அந்தச் சுவர்களில் ஒன்று கணினியின் மெல்லிய பின்தகடாக இருந்துவிட்டால் அதுவும் ஒரு மேளத்தின் தோலாகி விடுகின்றது. ஒவ்வொரு தகட்டுக்கும் அது விரும்பி அதிரும் இயல்புச் சுருதிகள் சில உண்டு. ஒலி அந்தச் சுருதியைத் தொடும் கணத்தில் அதிர்வு பன்மடங்காகப் பெருகும். ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் கிளாட்னி 1787 இல் வெளியிட்ட நூலில், உலோகத் தகட்டின்மீது மணலைத் தூவி வில்லினால் உரசியபோது மணல் அசையாத கோடுகளில் ஒதுங்கி அழகிய கோலங்களாக அமைவதைக் காட்டியிருந்தார். (நெப்போலியன் இதனைக் கண்டு வியந்து, விளக்கமளிப்போருக்குப் பரிசளிக்கச் செய்ததும், ஈற்றில் 1816 இல் சோபி ஜெர்மேன் என்ற பெண் கணிதவியலாளர் அதனை வென்றதும் தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.) டெப்லெட் கணினியின் பின்புறத்தில் ஓரிடத்தில் அதிர்வு பலமாகவும், இரண்டு விரற்கடை தள்ளி அறவே இல்லாமலும் இருப்பது கிளாட்னியின் அதே கோலந்தான். மணல் மட்டுமே இல்லை.

வீணையின் குடம் அதிராவிட்டால் அதனை யாரும் வீணையென்று மதிப்பதில்லை. ஆனால் வீணையில் உடலை அதிர வைப்பதற்காகவே மரம் தெரிவு செய்யப்பட்டுக் குடையப்படுகின்றது. கணினியிலோ அதிர்வு, மெலிவுக்காகக் கொடுக்கப்பட்ட விலை.

இந்த விலை எவ்வளவு என்பதை அறிய அப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வரிசையே போதுமான சான்று. 2010 இல் வெளிவந்த முதலாவது ஐபேட் 13.4 மில்லிமீற்றர் தடிப்பும் 680 கிராம் நிறையும் கொண்டிருந்தது. 2013 இன் ஐபேட் எயார் 7.5 மில்லிமீற்றராகவும் 469 கிராமாகவும் குறைந்தது. 2014 இல் வந்த ஐபேட் எயார் 2 இன் தடிப்பு 6.1 மில்லிமீற்றர், நிறை 437 கிராம். அதன் ஒலிபெருக்கிகள் இரண்டும் ஒரே விளிம்பில் அமைந்திருந்தன. ஒலியைக் கூட்டும்போது பின்புறம் அதிர்வதாகப் பாவனையாளர்கள் பரவலாக முறையிட்டது இந்த மாதிரியைக் குறித்தே. ஒரு தகட்டின் வளையாத் தன்மை அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது பொறியியலின் அடிப்படை விதி. ஒரே உலோகத்திலான திண்மத் தகடொன்று 7.5 இலிருந்து 6.1 மில்லிமீற்றராகக் குறைக்கப்பட்டால் அதன் விறைப்பு ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். கணினி திண்மத் தகடு அல்லவாயினும், ஒன்றரை மில்லிமீற்றர்கூடக் குறையாத மெலிவு எத்துணை பெரிய மாற்றத்தைக் கொண்டுவரலாம் என்பதை இது உணர்த்தும்.

அடுத்த ஆண்டே அதே நிறுவனம் வேறு வழியில் சென்றது. 2015 நவம்பரில் வெளிவந்த 12.9 அங்குல ஐபேட் புரோ நான்கு மூலைகளில் நான்கு ஒலிபெருக்கிகளைக் கொண்டிருந்தது. அவற்றின் காற்றறைகள் அலுமினிய உடலிலேயே குடையப்பட்டு, விறைப்பான காபன் நார் மூடிகளால் அடைக்கப்பட்டிருந்தன. தடிப்பும் 6.9 மில்லிமீற்றராகச் சற்று உயர்ந்தது. மெலிவு என்ற ஒன்றையே புகழ்ந்து வந்த ஒரு நிறுவனம் ஒலிக்காக உள்ளிடத்தை ஒதுக்கியமை பாராட்டுக்குரியதே. பின்னர் 2019 இல் வெளிவந்த 16 அங்குல மக்புக் புரோ மடிக்கணினியில், இரண்டு தாழ்சுருதி ஒலிபெருக்கிகளை முதுகோடு முதுகாக வைத்து ஒன்றின் உதைப்பை மற்றையது இல்லாதொழிக்கும் முறை கையாளப்பட்டது. மிக நேர்த்தியான தீர்வு என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒலிபெருக்கிகளை வைப்பதற்கு ஆழம் வேண்டும். 2024 இல் 13 அங்குல ஐபேட் புரோ 5.1 மில்லிமீற்றருக்கு மெலிந்துள்ள நிலையில் அந்த ஆழம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழவே செய்கின்றது. விளம்பரங்களில் தடிப்பு தசம தானம் வரை குறிப்பிடப்படுகின்றது. அதிர்வு குறித்து ஒரு வரியேனும் இடம்பெறுவதில்லை. பாவனையாளர் அதனைப் பணம் செலுத்திய பின்னரே அறிந்துகொள்கின்றார்.

அதிர்வைப் பகையாகக் கருதாமல் பயன்படுத்திக் கொண்டவர்களும் உண்டு. சொனி நிறுவனம் 2017 இன் தொலைக்காட்சி ஒன்றிலும், எல்ஜி நிறுவனம் 2019 இன் கைத்தொலைபேசி ஒன்றிலும் திரையையே அதிரச் செய்து ஒலிபெருக்கியாக்கின. பன்னிரண்டு வயதளவில் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்த ஸ்கொட்லாந்துத் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி, வெறுங்காலுடன் மேடையேறி அதிர்வை உடலால் வாங்கியே வாசிக்கின்றார். செவிப்புலன் குன்றிய பிள்ளையொன்றின் கையிலுள்ள கணினியின் அதிர்வு அப்பிள்ளைக்கு உண்மையில் ஓர் உதவியாகவே அமையலாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். இயல்பான அதிர்வு கைக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. ஒலி கூடக்கூட அதுவும் சீராகக் கூடும், குறைக்கக் குறையும். செவிப்பன்னியைப் பொருத்தியதும் முற்றாக நின்றுவிடும். மென்மையான உறையொன்றை இட்டால் பெருமளவு தணியும். மேசைமீது வைத்தால் ஒலி கனமாகக் கேட்பதும் இயல்பானதே. இசைக்கவையை மேசையில் ஊன்றியதும் மேசைப் பலகை முழுவதும் பாடுவதைப் பாடசாலையிலேயே கண்டிருக்கின்றோம்.

இதற்கு மாறாக, குறிப்பிட்ட சில சுருதிகளில் மட்டும் "கிர்" என்ற கரகரப்புக் காதுக்குக் கேட்குமாயின் அது வேறு விடயம். செவிப்பன்னியிலும் அதே கரகரப்புக் கேட்டால் குறை பெரும்பாலும் பதிவிலேயே இருக்கும். ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டால் தளர்ந்த திருகாணி, ஒட்டுப் பிரிந்த பாகம், வலைக்குள் புகுந்த தூசி, கிழிந்த தகடு ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தேகிக்கலாம். தாழ்சுருதியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக ஏறும் ஒலிப்பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டு, அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொரு கணினியுடன் விற்பனை நிலையத்திலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த சோதனையாகும். இரண்டும் ஒரே விதமாக அதிர்ந்தால் அது வடிவமைப்பின் இயல்பு. ஒன்று மட்டும் கரகரத்தால் அது பழுது.

எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்க வேண்டியது, நீண்டகாலம் பாவித்த கணினியில் அதிர்வின் தன்மை திடீரென மாறுவதாகும். இத்தகைய கணினிகளின் உட்பரப்பில் பெரும்பகுதியை லித்தியம் அயன் மின்கலமே நிரப்பியிருக்கின்றது. மின்கலம் முதுமையடைந்தோ பழுதுற்றோ உள்ளே வாயு உருவாகுமாயின் அது வீங்கித் திரையையும் பின்தகட்டையும் நெருக்கும். தட்டையான மேசையில் வைத்தால் கணினி ஆடுவது, திரையின் விளிம்பு மேலெழுவது, முன்னர் இல்லாத கரகரப்புத் தோன்றுவது ஆகியன அதன் அடையாளங்களாகலாம். அவ்வாறான கணினியை அழுத்தி நேராக்க முனைவதோ, மின்னேற்றுவதோ, பிள்ளைகளின் கையில் கொடுப்பதோ தீப்பற்றலுக்கு வழிகோலும். அதனை உடனடியாக நிறுத்தி, தகுதியான திருத்துநரிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கே "அது வழமையானது" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு வீடு திரும்புவது பாரதூரமான விளைவுகளை ஏற்படுத்தக்கூடும்.

இரண்டாம் கைப் பொருட்களை வாங்குவோர் இவ்விடயத்தில் இரட்டிப்புக் கவனம் செலுத்த வேண்டும். புதிய பொருளாயின், அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் குறித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடும் உரிமையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு வழங்கியுள்ளது. முறைப்பாடு எழுத்துமூலமாகவும், விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள்ளும் செய்யப்பட வேண்டும். பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துவதுடன், கரகரப்பு எந்தச் சுருதியில் எழுகின்றது என்பதை இன்னொரு தொலைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்வதும் நன்று.