கல் அறுக்கும் பிளேடு

பெங்களூரில் விதான சவுதாவைப் பார்த்திருப்பீர்கள். 1956-இல் கட்டி முடித்த கட்டடம். அதன் கல்லை உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் கொத்தினார்கள். இன்று ஜிகனி பக்கம் போனால் கிரானைட்டைப் பலகை பலகையாக அறுக்கிறார்கள். இவ்வளவு கெட்டியான கல்லை எது அறுக்கிறது? வைரம்!

சிரிக்காதீர்கள். நகைக்கடை வைரம் இல்லை. கரியை மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்துச் செய்த வைரம். 1954-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி இதைச் செய்து காட்டியது.

பிளேடின் நடுவில் எஃகுத் தகடு இருக்கும். விளிம்பில் பல் பல்லாகத் துண்டுகள் இருக்கும். உலோகப் பொடியும் வைரத் துகளும் கலந்து, சூடாக்கி அழுத்திச் செய்த பல் அது. மர ரம்பம் போல இது வெட்டுவதில்லை. கல்லைச் சுரண்டித் தேய்க்கிறது. வைரத் துகள் மழுங்கும். அதைப் பிடித்திருக்கும் உலோகமும் தேயும். மழுங்கிய துகள் உதிர்ந்து, அடியில் உள்ள புதுத் துகள் வெளியே வரும். பல் தேய்ந்தால்தான் பிளேடு அறுக்கும்!

அதனால் கல்லைப் பார்த்துப் பிளேடு வாங்க வேண்டும். கிரானைட்டில் வைரம் சீக்கிரம் மழுங்கும். எனவே உலோகம் மெதுவாக இருக்க வேண்டும். மணற்கல்லும் புதுக் கான்கிரீட்டும் உலோகத்தை அரித்துவிடும். அவற்றுக்குக் கெட்டி உலோகம் வேண்டும். நகைக்கல் அறுக்கும் பிளேடு மிக மெல்லியது. விளிம்பில் இடைவெளி இருக்காது. விலை உயர்ந்த கல் தூளாகப் போகக் கூடாதே!

பெயின்ட் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்தக் கல்லுக்கு என்று கேளுங்கள். பிளேடின் மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை தாங்கும் என்று போட்டிருக்கும். மெஷினின் வேகம் அதைத் தாண்டக் கூடாது. அம்புக்குறியும் இருக்கும். மெஷின் சுற்றும் பக்கமே அம்பும் காட்ட வேண்டும். தகட்டில் கீறல் இருந்தாலும், ஒரு பல் போயிருந்தாலும் அந்தப் பிளேடு பழைய இரும்புக்குத்தான்.

சில சமயம் புதுப் பிளேடே அறுக்காது. பல் பளபளவென்று இருக்கும். உடனே மெஷினை அழுத்துவார்கள். அழுத்தினால் சூடேறித் தகடு வளையும். மணற்கல்லையோ பழைய சாணைக்கல்லையோ நாலைந்து தடவை அறுங்கள். மேல் உலோகம் தேய்ந்து வைரம் தலை காட்டும்.

தண்ணீர் விட்டு அறுங்கள். பிளேடு சூடாகாது, நாள் வரும். ஆனால் கை மெஷினில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. எர்த் ஒயர் சரியாக இருக்க வேண்டும். கசிவு வந்தால் கரன்டை நிறுத்தும் சுவிட்சும் வேண்டும்.

தண்ணீருக்கு இன்னொரு காரணம், தூசு. கிரானைட்டில் கால் பங்கு, சில கல்லில் அதற்கும் மேல், சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். வந்தால் குணமாகாது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் அதை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள். துண்டு இந்தத் தூசைத் தடுக்காது. தண்ணீரோடு என்-95 மாஸ்க்கும் வேண்டும். அதை முதலாளிதான் வாங்கித் தர வேண்டும், கேளுங்கள்.

இருமல் நிற்கவில்லையா? டாக்டரிடம் போனால், “நான் கல் அறுக்கிற வேலை செய்கிறேன், இத்தனை வருஷமாக” என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காசநோய் என்று மட்டும் நினைத்து மருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரும்.