சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய ஆங்கிலேயச் சோபா ஒன்றை விற்க வருபவர் அதன் முதுகுச் சாய்வில் உள்ள செதுக்கலைத்தான் முதலில் காட்டுவார். வளைந்த கால், வால்நட் மரம், குழிகுழியாகப் பொத்தான் வைத்துத் தைத்த முதுகு; 1850 வாக்கில் செய்த விக்டோரியா காலத்துச் சரக்கு என்பார். இருக்கலாம். ஆனால் அந்த மோஸ்தர் பல தடவை வந்து போயிருக்கிறது. பேரன் காலத்திலும் தாத்தா காலத்துக் கால்களைச் செதுக்கி விற்றிருக்கிறார்கள். அடிப்பக்கத்தை மட்டும் யாரும் மோஸ்தர் பார்த்துச் செய்வதில்லை. அதனால் விவரம் தெரிந்தவர் சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச் விளக்கோடு தரையில் உட்கார்ந்துவிடுவார்.

முதலில் கண்ணில் படுவது ரம்பத் தழும்பு. கையால் அறுத்த பலகையில் கோடுகள் ஏறக்குறைய நேராக, ஒழுங்கற்ற இடைவெளியில் ஓடும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட ரம்பமோ வில்போன்ற வளைவுகளை விட்டுச் செல்லும். அடுத்தது திருகாணி. பழைய திருகாணிக்கு முனை மொட்டை. கூர்முனைத் திருகாணியை இயந்திரத்தில் செய்ய அமெரிக்கரான தாமஸ் ஸ்லோன் 1846இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்துக்கு அந்த உரிமையை 1854இல் வாங்கிக் கொண்டுவந்தது பர்மிங்ஹாமின் நெட்டில்ஃபோல்டு நிறுவனம். ஒரேயொரு கூர்முனைத் திருகாணியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பிற்பாடு யாராவது மாற்றியிருக்கலாம். எல்லாமே கூராக இருந்து, துளைகளும் தொந்தரவு படாதவையாக இருந்தால் யோசிக்க வேண்டும். காலடிச் சக்கரத்தில் வைர வடிவ முத்திரை கிடைத்தால் அதிர்ஷ்டம். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்குத் தந்த முத்திரை அது. அதன் மூலைகளில் உள்ள எழுத்தும் எண்ணும் வடிவம் பதிவான நாள், மாதம், ஆண்டைச் சொல்லிவிடும். அதுவும் சக்கர வடிவத்தின் பிறந்தநாள்தான், சோபாவினுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்பிரிங்குக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. லண்டனில் முகாம் சாமான்கள் செய்துவந்த சாமுவேல் பிராட் 1826இல் ஒரு காப்புரிமை வாங்கினார். கப்பல் பயணிகளுக்குக் குமட்டல் வராமலிருக்கப் படுக்கையிலும் இருக்கையிலும் ஸ்பிரிங் வைப்பது அவர் யோசனை. 1828இல் மெத்தைகளுக்கும் இருக்கைகளுக்குமாக இன்னொன்று வாங்கினார். குமட்டல் நின்றதோ இல்லையோ, அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் வரவேற்பறைகள் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்துவிட்டன. இருக்கை உப்பியது, பொத்தான் வைத்த முதுகும் அதற்கு ஈடாகப் பருத்தது.

இங்கேதான் ஏமாறுவது எளிது. ஸ்பிரிங் இல்லாத காலத்துச் சோபாவுக்கும் பின்னாளில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டிக்கொடுப்பது ஆணித் துளை. ஸ்பிரிங் இல்லாத இருக்கையில் தாங்கு நாடாவைச் சட்டத்தின் மேல்முகத்தில் அடிப்பார்கள். ஸ்பிரிங் வைத்தால் அது நிற்க ஆழம் வேண்டும், நாடா சட்டத்தின் அடிமுகத்துக்கு இறங்கிவிடும். நாடா கீழே இருந்து, மேல்முகத்திலும் பழைய நாடாவின் துளைகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால், அந்தச் சோபா முதலில் ஸ்பிரிங் இல்லாமல் பிறந்தது.

துளைகளை இன்னும் படிக்கலாம். ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் ஒரு புது வரிசை சேரும். இரட்டை இரட்டையாக ஊசிப்பொட்டுத் துளைகள் இருந்தால் அது ஸ்டேப்ளர் அடித்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வேலை. துருவேறிய சிற்றாணி ஒன்றின் தலைக்கடியில் சில சமயம் முதல் துணியின் நான்கைந்து இழைகள் சிக்கியிருக்கும். வெளிச்சம் படாததால் நிறம் அப்படியே இருக்கும். சோதனையில் அது அனிலின் சாயம் என்று தெரிந்தால், வில்லியம் பெர்கின் 1856இல் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு போட்ட துணி அது. வந்தவுடன் பழந்துணியைக் கிழித்துக் குப்பையில் போடும் கடைக்காரர் இந்தச் சாட்சிகளை எல்லாம் சேர்த்தே போட்டுவிடுகிறார். புதுப்பிக்கும் அவசரத்தில் வயது தொலைந்த சோபாக்கள் ஏராளம் என்றே நினைக்கிறேன். ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து, ஒரு துண்டு வெட்டி, உறையிலிட்டுத் தேதி எழுதி வைக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

துணிக்கும் கோணிக்கும் கீழே வருவது குதிரைமுடி. நல்ல சோபாவுக்கு அதுதான் திணிப்பு. முடியைக் கயிறாக முறுக்கி, கொதிக்கவைத்து, உலர்த்திப் பிரித்தால் சுருள் நிலைத்துவிடும். அந்தச் சுருள்தான் மீண்டெழும் விசை. நூறாண்டு கழித்தும் அலசி, காயவைத்து, விரல்களால் பிய்த்துவிட்டால் மறுபடி உப்பிக்கொள்ளும். மலிவான சோபாக்களில் அல்ஜீரியாவின் குட்டைப் பனையோலை நாரோ, இலங்கையிலிருந்து போன தென்னை நாரோ இருக்கும். பிரித்தெடுக்கும்போது முகமூடி கட்டாயம். குதிரைமுடித் தொழிற்சாலைகளில் ஆந்த்ராக்ஸ் நோய் தொழிலாளிகளைக் கொன்றிருக்கிறது. தூசியே ஒரு தொந்தரவுதான்.

திணிப்பை எடுத்துவிட்டால் எலும்புக்கூடு. வெளியே தெரியும் மரம் வால்நட்டாக இருந்தாலும் உள்சட்டம் பெரும்பாலும் பீச் மரம், உளுப்புக்குப் பிடித்தமானது. துளைக்கடியில் வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. ஆட்டம் கண்ட பொருத்துகளைப் பிரித்து வஜ்ஜிரத்தால் ஒட்ட வேண்டும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த இந்தப் பழைய பசையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளக்குவார்கள். கொதித்தால் பலம் போய்விடும். ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும் என்பதே அதன் பெருமை. அடுத்த தலைமுறைத் தச்சர் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். மேற்பூச்சு அவலரக்கைச் சாராயத்தில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ். அதைச் சுரண்டி எடுக்காமல், துடைத்து, தேவையான இடத்தில் மட்டும் தொட்டுவிட்டால் போதும்.

மறுபடி கட்டுவது கீழிருந்து மேலே. நாடாக்களை விறைப்பாக இழுத்துப் பின்னலாக அடித்து, அதன்மேல் ஸ்பிரிங்குகளைத் தைத்து, முறுக்குக் கயிற்றால் நாலாபக்கமும் இழுத்துக் கட்டி, சணல் துணி போர்த்தி, குதிரைமுடியைப் பரப்பி, அதற்கும் ஒரு சணல் துணி. இதுவரை உழைப்பு, இனிமேல்தான் வித்தை. இருக்கையின் முன்விளிம்பு தளர்ந்தால் உட்காருபவர் வழுக்கி விழுவார். அதைக் கட்ட, நம் ஊர் கோணி ஊசியைவிட நீளமான, இருபுறமும் கூரான ஊசி ஒன்று இருக்கிறது. சட்டத்துக்குச் சற்று மேலே பக்கவாட்டில் குத்தி, முனை மேலே எட்டிப்பார்க்கும்வரை தள்ளி, காது வெளியே வருமுன் நிறுத்தி, ஊசியைத் திருப்பாமலே பின்முனையால் கீழே இறக்குவார்கள். அந்த வளையம் உள்ளேயிருக்கும் முடியை விளிம்புக்கு இழுத்துவந்து இறுக்கும். இப்படி வரிசை வரிசையாகத் தைத்து, கடைசித் தையலை மேலே ஊடுருவவிட்டால் விரல் பருமனில் கெட்டியான ஒரு வரப்பு எழும்பும். பிறகு மெல்லிய இரண்டாம் திணிப்பு, காடாத்துணி, பஞ்சு, கடைசியாக மேல்துணி.

மேல்துணிக்குக் குதிரைமுடியிலேயே நெய்ததும் கிடைக்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட்டில் காசில் கேரி என்ற ஊரில் 1837இல் தொடங்கிய ஜான் பாய்டு ஆலை இன்னும் அதை நெய்கிறது. ஊடு இழை வால்மயிர் என்பதால் வாலின் நீளத்தைத் தாண்டித் துணியின் அகலம் போகாது.

இத்தனையும் எதற்கு, ஃபோம் வெட்டி வைத்தால் ஒரே நாளில் முடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், சில ஆண்டுகளில் பொடிந்தும் போகும், சட்டகத்தின் சாய்வும் உயரமும் மாறிக் கண்ணுக்கே உறுத்தும். பிரிட்டனில் விதியும் பழைய முறைக்குச் சாதகமாக இருக்கிறது. வீட்டு மெத்தைச் சாமான்களுக்கான அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு விதிகள், 1950 ஜனவரி 1க்கு முன் செய்தவற்றையும் அவற்றை மறுபடி மெத்தையிடப் பயன்படும் பொருள்களையும் விட்டுவிடுகின்றன. விற்பவர் வயதை நிரூபிக்க வேண்டி வந்தால், அந்தத் துளைகளின் படங்களும் உறையிலிட்ட துணித்துண்டுகளும் மேசைக்கு வரும்.