பழைய துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

கௌபாய் படங்களில் நெம்புகோலை 'சடக்'கென்று கீழே தள்ளி இழுப்பார்களே, அந்த வகைதான் அமெரிக்காவின் வின்செஸ்டர் 1894. (பல படங்களில் கதை நடக்கிற காலத்தில் அது பிறந்தே இருக்காது, அது வேறு விஷயம்!) ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. நூறாண்டு ஆனாலும் இரும்பு தாங்கும். தோளில் அணைக்கிற அக்ரூட் மரக்கட்டைதான் கழுத்தில் விரிசல் விடும்.

புதுக்கட்டையின் நீளத்தைச் சட்டைக்கு அளவெடுப்பது போல அவரவர் கைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். கஷ்டம் பொருத்துவதில்தான். இரும்பு உடலின் பின்னால் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு நாக்குகள் நீண்டிருக்கும். மேல்நாக்கிலிருந்து மரத்தைத் துளைத்துக் கீழ்நாக்கில் இறங்கும் ஒரே திருகாணிதான் கட்டையைப் பிடித்து நிற்கிறது. நாக்குகளில் விளக்குப் புகைக்கரியைத் தடவி மரத்தில் அழுத்தினால், இடிக்கிற இடத்தில் கரி ஒட்டும். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி சீவல். நாள்கணக்கில் இழுக்கும். அவசரப்பட்டால் போச்சு, சீவின மரம் திரும்பி வராது.

சூட்சுமம் இங்கேதான். சுடும்போது வரும் உதையை இரும்பு உடலின் பின்முகம் மரத்தில் பதிந்து இறக்க வேண்டும். நாக்கின் நுனி முட்டினால், ஆப்பு அடித்த மாதிரி கட்டை பிளந்துவிடும். ஆகவே நுனிக்குப் பின்னால் மெல்லிய இடைவெளி விடுவார்கள். கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பிவிடும்.