குடிகள் இல்லை என்று எழுதப்பட்ட தீவுகள்

இந்தியப் பெருங்கடலின் வரைபடத்தில் மாலத்தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கி.மீ. தள்ளிச் சில புள்ளிகள் தென்படும். அவைதாம் சாகோஸ் தீவுகள். சுமார் 60 சிறு தீவுகள் இருந்தும் அவற்றின் மொத்த நிலப்பரப்பு 60 சதுர கி.மீ.க்குள் அடங்கிவிடும். அமிழ்ந்துபோன எரிமலைகளின் மீது பவளம் வளர்ந்து உருவான நிலம் இது. பெரும்பகுதி கடல்மட்டத்துக்குமேல் இரண்டு மீட்டர்கூட உயராது. இவற்றுள் பெரியது டியேகோ கார்சியா. ஒரு காலடித் தடம்போல வளைந்து கிடக்கும் அந்தத் தீவு, தன் நடுவே பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க காயலை அணைத்திருக்கிறது. அந்தக் காயலே அங்கு வாழ்ந்தவர்களுக்கு வினையாக முடிந்தது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தென்னந்தோப்புகளை அமைத்தனர். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினர். 1814இல் மொரிஷியஸோடு சேர்ந்து தீவுகள் பிரிட்டன் வசமாயின. அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். கொப்பரையும் மீனுமாக, தனக்கென ஒரு கிரியோல் மொழியோடு, ஐந்தாறு தலைமுறைகள் அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டன.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேவைப்பட்டது. மொரிஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1965இல், 30 லட்சம் பவுண்டு கொடுத்துச் சாகோஸை அதிலிருந்து பிரித்தது பிரிட்டன். மறு ஆண்டே அமெரிக்காவுடன் ஐம்பதாண்டு உடன்பாடு கையெழுத்தானது.

இடையில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவு, தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகளின் மக்கள் நலனுக்கு ஆளும் நாட்டைப் பொறுப்பாக்குகிறது. நிரந்தரக் குடிகள் இல்லையென்றால் அந்தப் பொறுப்பும் இல்லை. ஆகவே தீவுவாசிகள் அனைவரும் மொரிஷியஸ், செஷல்ஸ் நாடுகளிலிருந்து வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று காட்ட அதிகாரிகள் முடிவெடுத்தனர். கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடிகள் எவரும் அங்கே இருக்கமாட்டார்கள் என்று 1966ஆம் ஆண்டுக் கோப்புக் குறிப்பொன்று எள்ளலாகச் சொல்கிறது. வெளியேற்றத்தைவிட, முன்கூட்டியே காகிதத்தில் நிகழ்ந்த இந்த அழிப்பையே நான் கொடியதாகக் கருதுகிறேன். கல்லறைகள் நிறைந்த ஊரைத் தற்காலிகக் குடியிருப்பு என்று எழுத அவர்களுக்குக் கை கூசவில்லை.

மற்றவை விரைந்து நடந்தன. 1967 முதல் 1973க்குள் ஏறத்தாழ 1,500 பேர் அகற்றப்பட்டனர். மருத்துவத்துக்கென மொரிஷியஸ் சென்றவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை என்றார்கள். டியேகோ கார்சியாவில் வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகை செலுத்திக் கொன்றார்கள். போர்ட் லூயியின் குடிசைப் பகுதிகளில் இறக்கிவிடப்பட்டவர்களுக்குத் தென்னைத் தொழிலன்றி வேறொன்றும் தெரியாது.

வழக்குகள் நீண்டன. 2000இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீவுவாசிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2004இல் அரசாணையொன்று அந்த உரிமையை மீண்டும் பறித்தது. 2019இல் சர்வதேச நீதிமன்றம், மொரிஷியஸின் விடுதலை சட்டப்படி நிறைவுறவில்லை என்றும், பிரிட்டன் தன் நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கருத்துரைத்தது.

சொந்த மக்களுக்கு மூடிய டியேகோ கார்சியாவுக்கு 2021இல் எதிர்பாராத விருந்தினர் வந்தனர். கனடாவை நோக்கிப் படகில் புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த இலங்கைத் தமிழர்கள் அங்கே கொண்டுசேர்க்கப்பட்டனர். கூடார முகாமில் மூன்றாண்டுகள் கழிந்த பிறகே, 2024 இறுதியில், அவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் அடைக்கப்பட்டிருந்தது சட்டவிரோதம் என்று அந்நிலப்பகுதியின் நீதிமன்றமே சொன்னது.

2025 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கை, தீவுகளின் இறையாண்மை மொரிஷியஸுக்கு உரியது என்கிறது; டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனிடமே விடுகிறது. மொரிஷியஸின் உரிமையை இது ஏற்பது நியாயமே. ஆனால், பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்கு இருக்கை இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் உடன்படிக்கையை வரவேற்றனர்; இன்னொரு பகுதியினர் எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். மீள்குடியேற்றம் மற்றத் தீவுகளுக்கு மட்டுமே பொருந்தும். பெரோஸ் பான்ஹோஸ், சாலமன் தீவுகளில் இன்று இருப்பவை கூரையிழந்த சுவர்கள், பராமரிப்பின்றிக் காடாகிவிட்ட தென்னைகள், புதர் மூடிய கல்லறைகள். வெளியேற்றப்பட்டபோது பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இப்போது அறுபதைக் கடந்த வயது.