பூவின் ஆயுளும் காயின் பிறப்பும்

காய்கறியும் மலரும் சிறு விவசாயிக்கு அன்றாடக் கைச்செலவுக்குப் பணம் தரும் பயிர்களாகும். நெல்லும் கரும்பும் விளையும் வரை காத்திருக்க இயலாத குடும்பங்கள், அரை ஏக்கர் கொடிக்காலையோ சம்பங்கித் தோட்டத்தையோ நம்பி வாழ்கின்றன. இவ்விரு பயிர்களிலும் நன்மையும் நட்டமும் ஒரே உறுப்பைப் பொறுத்தவை, அதுதான் பூ. கொடியில் பூத்த பூ உரிய நேரத்தில் மகரந்தம் பெற்றுக் காயாக வேண்டும். பறித்த பூவோ வாங்குவோர் கையை அடையும் வரை வாடாதிருக்க வேண்டும். இவ்விரண்டையும் பற்றித் தோட்டக்கலை ஆராய்ச்சி கண்டறிந்த செய்திகளை நம் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

சென்ற ஆண்டு எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, “விதை போலி ஐயா, பரங்கிக் கொடி பூத்துத் தள்ளுகிறது, ஒரு பிஞ்சும் நிற்கவில்லை” என்று முறையிட்டார். நிலத்துக்குச் சென்று பார்த்தோம். கொடியில் குறை ஒன்றும் இல்லை. பெண்பூக்களும் போதிய அளவு இருந்தன. ஆனால் காலை ஏழு மணிக்குப் பூவில் மொய்க்க வேண்டிய தேனீ ஒன்றைக்கூடக் காணோம். சிவப்பு வண்டுக்கு அஞ்சி அவர் வாரந்தோறும் விடியற்காலையில் மருந்து தெளித்து வந்தார். வண்டோடு தேனீயும் ஒழிந்தது. மருந்துக்கும் பணம் போயிற்று, காயும் போயிற்று.

ஆண்பூவும் பெண்பூவும்

பரங்கி, பாகல், பீர்க்கு, புடல், சுரை ஆகிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். ஆண்பூ வெறும் காம்பின்மேல் நிற்கும். வழக்கமாக ஆண்பூக்களே முதலில் தோன்றும். அவை உதிர்வது இயற்கை. அதைக் கண்டு உரம் குறைவென்றோ, விதை கெட்டதென்றோ முடிவு செய்தல் கூடாது.

இப்பூக்களின் மகரந்தம் கனமும் ஒட்டும் தன்மையும் உடையது. காற்றில் பறந்து செல்லாது. ஆதலின் அதைச் சுமந்து செல்லப் பூச்சி வேண்டும். பெண்பூவின் சூல்முடியில் மகரந்தத் துகள்கள் போதிய அளவில் விழாவிடில், பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அல்லது ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணல் காயாகும். சந்தையில் கழித்துத் தள்ளப்படும் கோணல் காய்களில் பல, தேனீ போதிய அளவு வராததன் அடையாளமே.

பூ விரியும் நேரம் பயிருக்குப் பயிர் வேறுபடும். பரங்கிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும், மறுநாள் விரியாது. பாகலும் வெள்ளரியும் காலையில் விரிபவை. பீர்க்கும் சுரையும் புடலும் மாலையிலும் இரவிலும் விரிபவை. கத்தரியின் நிலை வேறு. அதன் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகவே உள்ளன. எனினும் மகரந்தம் குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டு, நுனியிலுள்ள சிறு துளை வழியே வெளிவருகிறது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு அதிர்க்கும்போது மகரந்தம் உதிர்கிறது. தக்காளியும் இத்தகையதே. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி பயிரிடுவோர், 1980-களின் பிற்பகுதி முதல் ‘பம்பிள்’ தேனீக்களைப் பெட்டிகளில் வாங்கி வந்து இவ்வேலைக்கு விடுகின்றனர். நமக்கு அவ்வேலையைக் கூலியின்றிச் செய்து தருபவை வேலியோரத்து வண்டுகள்.

விவசாயி செய்ய வேண்டுவன

பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து தெளித்தல் கூடாது. பரங்கிக்கும் பாகலுக்கும் தெளித்தே தீர வேண்டுமெனில் மாலையில் தெளிக்கலாம். மாலையில் விரியும் பீர்க்கு, சுரை, புடல் ஆகியவற்றுக்கு அந்நேரம் பொருந்தாது. பூக்கள் மூடியிருக்கும் பகல் வேளையே ஏற்றது. சில மருந்துகளின் நஞ்சு பல நாட்கள் செடியில் தங்கும். ஆதலின் பூக்கும் பருவத்தில் வேப்பங்கொட்டைச் சாறு போன்ற தீங்கு குறைந்தவற்றையே நாடுதல் நன்று.

தேனீ வரத்துக் குறைந்த இடத்தில் கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம். காலை ஒன்பது மணிக்குள் புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படுமாறு மெல்லத் தடவ வேண்டும். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூக்களுக்குப் போதும். மேலே கூறிய விவசாயியும் அவர் மனைவியும் இரண்டு வாரம் இவ்வாறு செய்தனர். காலைத் தெளிப்பையும் நிறுத்தினர். மாத முடிவில் அக்கொடியிலிருந்தே அவர் வண்டியில் காய் ஏற்றினார். அதன்பின் விதையைப் பற்றிய புகார் எழவில்லை.

ஆக்கவும் வாடச் செய்யவும் வல்ல வாயு

1901-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யூபோவ் என்னும் ஆராய்ச்சியாளர், ஆய்வுக்கூடத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கண்டு காரணம் தேடினார். விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன் என்பதே காரணமென்று தெரிந்தது. 1908-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் குரோக்கர், நைட் என்னும் இருவர், அதே வாயு கார்னேஷன் மலர்களைக் கூம்பச் செய்வதை எடுத்துக்காட்டினர். 1934-இல் இங்கிலாந்தில் கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்று நிறுவினார்.

கார்னேஷன், ஆர்க்கிட் போன்ற மலர்கள் மகரந்தம் பெற்றவுடன் இவ்வாயுவை மிகுதியாக வெளியிட்டு விரைந்து வாடுகின்றன. காய் உருவாகும் வழி திறந்ததும் இதழின் வேலை முடிந்துவிடுகிறது. எனவே பழுத்த வாழையும் மாம்பழமும் உள்ள அறையிலோ வண்டியிலோ இத்தகைய மலர்களை வைத்தல் தவறு.

ஆனால் இதே வாயு கொடிப் பயிருக்கு நன்மை செய்கிறது. ‘எத்ரல்’ என்னும் மருந்து செடிக்குள் எத்திலீனை வெளியிட்டுப் பெண்பூக்களின் எண்ணிக்கையை உயர்த்துகிறது. 10 லிட்டர் நீருக்கு 2.5 மில்லி வீதம் கலந்து, கொடி இரண்டு இலைப் பருவத்தில் இருக்கும்போது தொடங்கி வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளிப்பது தோட்டக்கலைத் துறையினர் கூறும் முறை. உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலரைக் கலந்துகொண்டே இதைச் செய்க.

பறித்த பூவைக் காத்தல்

பறித்த பூ வாடுவதற்கு எத்திலீன் மட்டும் காரணமன்று. காம்பை வெட்டியதும் நீர்க்குழல்களில் காற்றுப் புகுகிறது. அழுக்கு நீரிலுள்ள நுண்கிருமிகள் அக்குழல்களை அடைக்கின்றன. நீர் பாத்திரத்தில் நிறைய இருந்தும் பூ தாகத்தால் வாடுகிறது. ரோஜா, கிளாடியோலஸ், தண்டுடன் விற்கும் சம்பங்கி ஆகியவற்றை வெயில் ஏறுமுன் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, உடனே தூய நீரில் நிறுத்த வேண்டும். நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்துவிட வேண்டும். நாள்தோறும் நீரை மாற்றிக் காம்பின் நுனியைச் சிறிது வெட்டிவிடுதல் நலம். வாளியையும் கத்தியையும் கழுவாமல் பயன்படுத்துவோர், தம் பூவின் ஆயுளைத் தாமே குறைக்கின்றனர். குளிர்ச்சியில் பூவின் மூச்சு தணிவதால் வாடுதலும் தாமதமாகிறது. நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைப்பதும் ஓரளவு பயன் தரும்.

ஊராட்சியின் பங்கு

தேனீ ஒருவர் வேலிக்குள் அடங்கும் உயிரன்று. ஒரு வயலில் தெளித்த நஞ்சு பக்கத்து வயலின் காயையும் குறைக்கும். ஆதலின் இது ஊர்ப் பொறுப்பு. 1990-களின் தொடக்கத்தில் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூடுகளைப் பெருமளவில் அழித்ததைத் தேனீ வளர்ப்போர் இன்றும் மறக்கவில்லை. இழந்த கூடுகளை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஊராட்சி மன்றங்கள் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் புங்கன், வேம்பு, நாவல், புளி ஆகிய தேன்தரு மரங்களை நடலாம். தேன்கூட்டைத் தீயிட்டு அழிக்கும் வழக்கத்தைத் தடுக்கலாம். பூக்கும் பருவத்தில் மருந்து தெளிக்கும் நேரத்தைக் கிராம சபையில் பேசி முடிவு செய்யலாம். மகளிர் குழுக்கள் தேனீப் பெட்டி வைக்க முன்வந்தால், முதற்பூக்கள் விரியத் தொடங்கியதும் பெட்டியை வயலோரம் வைக்க இடம் தருமாறு விவசாயிகளிடம் சொல்லலாம். தேனால் ஒருவருக்கு வருவாய். காயால் ஊருக்கே வருவாய்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. எது எப்போது பூக்கிறது என்பதை அறிந்து, அந்நேரத்தில் மருந்துக் கையை நிறுத்திக்கொண்டால் போதும். நாளைக் காலை கொடிக்காலுக்குள் நுழையும்போது, தெளிப்பானை வெளியே வைத்துவிட்டுச் சற்று நேரம் பூவருகே நின்று பாருங்கள். தேனீ வருகிறதா என்று பார்த்தறிந்தபின் அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.